டெய்லர் அக்கா என்ஜினை விடவில்லை

தையல் கடை வைத்திருக்கும் அவரைத் தெருவே டெய்லர் அக்கா என்றுதான் கூப்பிடும். அவருடைய தம்பி ஒரு தனியார் நிறுவனத்தில் விமானி. ஒருநாள் அவன் ஓட்டிய சிறிய விமானம் மேலே ஏறியதுமே என்ஜின் நின்றது. ஓடுபாதைக்கு அப்பால் விழுந்து அவன் இறந்துபோனான்.

துக்கம் விசாரிக்க வந்த நிறுவன முதலாளி, "எல்லாம் விதிம்மா. தம்பியும் அவசரப்பட்டுட்டான்" என்றார்.

"விதியா, தம்பியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்கண்ணே."

உடைந்த என்ஜினை முதலாளி பழைய இரும்புக்குப் போடப் போவதாக நிறுவன மெக்கானிக் சொன்னதும், அக்கா கடையைப் பூட்டிவிட்டு நிறுவனத்துக்குப் போய் என்ஜின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பொம்பளைக்கு இங்க என்னம்மா வேலை?" என்றார் முதலாளி.

"இதைத் திறந்து பாக்குற வரைக்கும் இதான் வேலை."

விமான விபத்து விசாரணை அதிகாரிகள் வந்து திறந்தார்கள். எரிபொருள் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. ஏற்கெனவே விரிசல் விட்ட குழாய். மாற்றாமல் டேப் சுற்றி ஓட்டியிருந்தார்கள்.

"கிழிஞ்ச சட்டைக்குக்கூட நான் டேப் ஒட்டிக் குடுத்ததில்லண்ணே" என்றார் அக்கா முதலாளியிடம்.

தம்பி மேல் தவறில்லை என்று அதிகாரிகள் அறிவித்துவிட்டார்கள். முதலாளி மேல் வழக்கு நடக்கிறது. அவர் வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்குகிறார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.