நான் ஊருக்குக் காட்டிய மூன்றாம் பக்கம்

காலை பத்து இருபது. சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். எதிரே என் கடையில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு நான்கெல்லை டைப் செய்துகொண்டிருந்தேன். பக்கத்து மேஜைப் பத்திர எழுத்தர் செல்போனோடு எழுந்து வந்தார். அவருக்குச் சொந்த ஊர் திருவேங்கடம்.

"அண்ணாச்சி, உங்க தாத்தா பத்திரம் எங்க ஊரு வாட்ஸ்அப் குரூப்புல ஓடுது. நீங்களா போட்டீங்க?"

டைப் செய்வதை விட்டுவிட்டு அவர் போனை வாங்கிப் பார்த்தேன்.

சங்கரன்கோவிலில் இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். ஒரு பார்ட்டியின் நகலை இன்னொரு பார்ட்டிக்குக் காட்டியதில்லை. அண்ணன் எழுதிய உயிலைப் பற்றித் தம்பி டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டாலும் வாயைத் திறந்ததில்லை. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே அதுதான். என் சொந்தக் காரியம் என்று வந்தபோது அதை நானே மீறினேன்.

1. அவசரம் என்று போட்ட பதிவு

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைக்க வேண்டும். எங்களுக்கு அது எந்தச் சாமி என்றே தெரியாது. தாத்தாவுக்குத் திருவேங்கடத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாளையும் கோயிலுக்கு அழைத்துப் போகிறார் என்ற கோபத்தில் என் அப்பா கோயிலுக்குப் போவதையே விட்டார். சாமியின் பெயரைக்கூட எங்களிடம் சொல்லாமல் இறந்துபோனார்.

சம்பந்தி வீட்டில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். பதற்றத்தில், பூர்வீகம் தேடுகிறவர்களுக்கான ஒரு ஃபேஸ்புக் குழுவில் எழுதினேன்: "மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை வைக்க வேண்டும். எங்கள் குலதெய்வம் எது? தெரிந்தவர்கள் உடனே சொல்லவும். அவசரம்."

ஒருவர் பதில் போட்டார்: "ஊரு சொல்லல, தாத்தா பேரு சொல்லல. நாங்க என்ன சோழி உருட்டியாவே பாக்கோம்?" அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

அவர் கேட்டது நியாயம். தாத்தா பெயர், பூர்வீக ஊர், இதுவரை யாரிடமெல்லாம் விசாரித்தேன் என்பதைச் சொல்லிப் பணிவாகக் கேட்டிருந்தால் போதும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் வந்து கேட்டதற்கு முந்தின நாள் சாயங்காலம், எங்கள் பீரோவில் இருந்த தாத்தாவின் செட்டில்மெண்ட் பத்திர நகலை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அதே குழுவில் ஏற்றினேன். கீழே என் செல் நம்பரையும் கொடுத்தேன்.

2. சிவப்பு வட்டம்

திருவேங்கடத்து வீட்டை "என் அபிமான ஸ்திரீக்கும் அவள் வயிற்றில் பிறந்த என் மகளுக்கும்" என்று மூன்றாம் பக்கத்தில் தாத்தா எழுதிக் கொடுத்திருந்தார். தாலி கட்டாதவளைப் பழைய பத்திரங்களில் அப்படித்தான் எழுதுவார்கள். இருவரின் பெயரும் தெருவும் இருந்தன. மகளின் பெயரைச் சிவப்பில் வட்டமிட்டு, "இவரைத் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும்" என்று போட்டேன். கோயில் தெரிந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் பிள்ளைகள் இருப்பார்களே என்பது மட்டும் தோன்றவில்லை.

பக்கத்து மேஜைக்காரர் சொன்னதும் பதிவை அழித்தேன். அதற்குள் அது என் கையை விட்டுப் போயிருந்தது. பதினோரு மணிக்கு, நான் வட்டமிட்டிருந்தவரின் மகன் போனில் கூப்பிட்டார்.

"எங்கம்மை பேர எதுக்குவே ஊருக்குக் காட்டுனீரு? எங்க தாத்தா பட்டாளத்துல செத்துட்டாருன்னு சொல்லி எங்கள வளத்தா. வெவரம் தெரிஞ்ச பெருசுக கூட வாயத் தொறக்கலவே. இன்னைக்குப் பால் வாங்கப் போன எம் பொண்டாட்டிகிட்ட போனக் காட்டிச் சிரிக்கானுவ."

மன்னிப்புக் கேட்டேன்.

"ஒம் மன்னிப்ப ஒம் பேஸ்புக்குல போடும்" என்று வைத்துவிட்டார்.

திருவேங்கடத்துக்கு டவுன் பஸ் இருக்கிறது. அந்த வாசலில் போய் நின்று கேட்க எனக்குக் கூச்சம். என் கூச்சத்துக்காக அவர்கள் மானத்தைத் தெருவில் வைத்தேன். பூர்வீகம் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: இறந்தவர்களைப் பற்றிக் குழுவில் கேளுங்கள், அதிலும் யார் மனம் நோகும் என்று பார்த்துக் கேளுங்கள். உயிரோடு இருப்பவர்களைத் தனியாகப் போய்க் கேளுங்கள். பத்திரம் உங்கள் பீரோவில் இருப்பதால் அதிலுள்ள பெயர்களெல்லாம் உங்களுடையவை ஆகிவிடாது.

3. மறுநாள் வந்தவர்

மறுநாள் மதியம் ஒரு வயதான அம்மாள் மேஜை முன் வந்து நின்றார். பார்ட்டி என்று நினைத்து, "டோக்கன் போட்டாச்சாம்மா?" என்றேன்.

"செவப்பு வட்டம் போட்டியே, அது நாந்தான்."

எழுந்து நாற்காலியை நகர்த்தினேன். அவர் உட்காரவில்லை. அப்பாவின் அதே மூக்கு.

"மேலநீலிதநல்லூருக்குத் தெக்க, ஓடைக்கரைச் சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்கு எங்கய்யா என்னையத் தோள்ல வச்சுத் தூக்கிட்டுப் போவாரு. மொதப் பத்திரிக்கைய அங்கன வையி. பிள்ள நல்லாருக்கட்டும்."

"அத்தை" என்று என் வாயில் வந்துவிட்டது. "அடுத்த பத்திரிகைய ஒங்க வீட்டுக்கு நானே கொண்டாந்து..."

"வேண்டாம்யா" என்றார். "எங்க பேரு போட்டு ஒரு தாளு ஊரெல்லாம் போயாச்சுல்லா. இன்னொண்ணு வேண்டாம்."