அண்ணன் வறுத்த மணல்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எழுதுகிறவன் இளையவன் என்று தெரிந்ததும் உங்களில் பலர் சிரிக்கத் தயாராகியிருப்பீர்கள். சிரியுங்கள், அண்ணனுக்கு அதில் ஒருநாளும் ஆட்சேபம் இருந்ததில்லை. ஆனால் அவர் மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று ஓர் உண்மையையும் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அவர் இருந்தவரை அதை ஊரறியச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தைரியம் எங்கள் வீட்டில் மூத்த பிள்ளையோடு தீர்ந்துபோன சாமான்.

அண்ணன் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில், காவிரித் தண்ணீர் எட்டாத ஒரு கிராமத்தில் பிறந்தார். நான்கு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து இலங்கைக்கு வந்தார். நான் பிறந்தது நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில். நான் நடக்கப் பழகிய வருஷம் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அதன்பின் எங்கள் வீட்டிலிருந்து காலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கப் போன ஆண்பிள்ளை அண்ணன் ஒருவர்தான்.

பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு ரயில் பாதை வெட்ட ஆள் எடுத்தபோது அவர் மண்வெட்டியோடு போய்ச் சேர்ந்தார். ஒருநாள் தண்டவாளம் நழுவி விழுந்து வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. அழுதுகொண்டு ஓடிய அண்ணியிடம், "மிச்சம் எட்டு இருக்கே, எதுக்கு அழுவுற?" என்றாராம். பாதை பதுளையைத் தொட்டபோது, தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தைப் பராமரிக்கும் கூட்டத்துக்கு அவர் கங்காணியாக இருந்தார். சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் பிரேக் சக்கரம் திருகும் வேலையை எனக்கு வாங்கித் தந்தவரும் அவரே. பிறருக்கு நன்மையே செய்து பழகிய அண்ணன் செய்த ஒரே பிழை அதுவாக இருக்கலாம்.

அந்த ஏற்றத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பத்து நான்கடி போனால் ஓரடி உயரும். மனிதனுக்கு அது ஒன்றுமில்லை. பாரம் ஏற்றிய ரயிலுக்கு அது பெரிய மலை. இரும்புச் சக்கரம், இரும்புப் பாதை, நடுவில் மழைத்தண்ணீர். எஞ்சின் மூச்சு விடும், சக்கரம் சுற்றும், ரயில் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். சக்கரத்துக்குப் பிடி கொடுக்க எஞ்சினில் மணல் பெட்டி உண்டு. ஐப்பசி மழையில் அந்த மணல் நனைந்து, குழாயில் களிபோல அடைத்துக்கொள்ளும்.

அதற்காக அண்ணன் ஒரு வேலை செய்துவந்தார். ஆற்று மணலைச் சலித்து, அண்ணியின் இரும்புச் சட்டியில் போட்டு, கடலை வறுப்பதுபோல வறுத்து, மண்ணெண்ணெய்த் தகரங்களில் அடைத்துப் பாதையோரக் கொட்டகையில் அடுக்கி வைப்பார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. 'மண் வறுக்கிற கங்காணி' என்று தோட்டமே கேலி செய்தது. "உப்பு ஒறப்பு சரியா இருக்கா அண்ணே?" என்று முதலில் கேட்டவன் நான்தான்.

பதுளைக்கு ரயில் வந்து அதிக நாள் ஆகாத ஓர் ஐப்பசியில் ஹப்புத்தளைக்கு அப்பால் மலை சரிந்து பாதையை மூடிவிட்டது. கொழும்பு அரிசி நின்றுபோயிற்று. ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் ஜனங்கள் பத்து நாளாக மரவள்ளிக் கிழங்கையும் பலாக்கொட்டையையும் அவித்துத் தின்றார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. பதுளைக் கடைவீதியில் முஸ்லிம் முதலாளிகளின் கிடங்குகளில் அரிசி இருந்தது. அதைப் பதினொரு பெட்டிகளில் ஏற்றி மேலே அனுப்ப ஏற்பாடாயிற்று. கடைசிப் பெட்டியில் பிரேக் திருக நான்.

இங்கேதான் என் திருவிளையாடல் தொடங்குகிறது. பதினொரு பெட்டி அரிசி, அந்த மழை, அந்த ஏற்றம் என்று நினைத்ததும் எனக்குச் சாமி ஞாபகம் வந்துவிட்டது. முதல்நாளே கடைவீதியில் முப்பத்தொரு தேங்காயும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் வாங்கி, மாட்டுவண்டிக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். ஏற்றத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்களிடம் அவற்றைச் சேர்த்து, ரயில் வரும் நேரத்தில் பாதைக்குப் பூசை போடச் சொல்லி அனுப்பினேன். "தண்டவாளத்துக்கும் எண்ணெய் பூசி, குங்குமம் வைக்கச் சொல்லுங்க" என்று நானாகவே சேர்த்தும் சொன்னேன். ஆயுத பூசைக்கு மண்வெட்டிக்கும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் செய்கிறோமே, ரயிலுக்கு மட்டும் குறை வைக்கலாமா?

அவர்கள் குறை வைக்கவில்லை. அங்கேயே மட்டை உரித்து, தண்டவாளத்தின் மேலேயே தேங்காய்களை உடைத்து, எண்ணெயைக் கடைசிச் சொட்டுவரை பூசியிருந்தார்கள். எஞ்சினின் முன் சக்கரம் தேங்காயை அரைத்துப் பாலாக்கியது. பின் சக்கரம் அந்தப் பாலிலும் எண்ணெயிலும் சுழன்றது. ரயில் ஒருமுறை குலுங்கி நின்று, பின்னோக்கி நகரத் தொடங்கியது.

நான் பிரேக்கை இறுக்கவில்லை. கண்ணை இறுக்கினேன். பிள்ளையார், முருகன், மாரியம்மன் என்று வரிசையாகக் கூப்பிட்டு, போதாதென்று மாதா கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நேர்ந்துகொண்டிருந்தபோது கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"டேய் தம்பி! சாமிய அப்புறம் கூப்புடு! சக்கரத்தத் திருகுடா!"

அண்ணன் மழையில் ஓடி வந்துகொண்டிருந்தார். திருகினேன். அவருடைய ஆட்கள் சக்கரங்களுக்குப் பின்னால் கட்டைகளைச் செருகினார்கள். ரயில் நின்றது.

டிரைவர் துரை இறங்கி வந்து பாதையைப் பார்த்தார். குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தார்.

"கங்காணி, இது என்ன, கறி தாளிக்கிறதா? இனி ஏறாது. திரும்பிப் பதுளைக்கே போவோம். மழை விட்டதும் பார்க்கலாம்."

"மழை விட ஒரு வாரம் ஆவுங்க தொர. மேல புள்ளைங்களுக்கு அது வரைக்கும் தாங்காதுங்க. பாத அடைச்சுக் கெடக்கு, எதுக்க எந்த ரயிலும் வரப்போறதில்ல. ஒரு மணி நேரம் குடுங்க."

"ஒரு மணி நேரத்தில் என்ன செய்வாய்?"

"சட்டி கழுவுறதுதாங்க."

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. எஞ்சின் அடுப்பின் சாம்பலை இழுத்துக் கொட்டச் சொன்னார். என்ன ஆயிற்றோ என்று விழித்துக்கொண்டு நின்ற பெண்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

"தாயி, எண்ணச் சட்டிய எப்புடித் தேய்ப்பீங்களோ அப்புடித் தேயுங்க. மட்டை அந்தா கெடக்கு, சாம்பல் இந்தா இருக்கு."

"ஐயோ, ரயிலு மேல ஏறிடாதே?" என்றாள் ஒருத்தி.

"ஏற மாட்டேங்குதுன்னுதான தாயி ஒங்களக் கூப்புடறேன்!"

அந்த மழையிலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஐம்பது பெண்கள் சேலையை வரிந்து கட்டி, உடைத்த தேங்காயின் மட்டையாலேயே சாம்பல் போட்டுத் தண்டவாளத்தைத் தேய்த்தார்கள். மழை கழுவிவிட்டது. அவர்களுக்குப் பின்னால் ஆண்கள் சாக்கால் துடைத்துக்கொண்டே போனார்கள். கடைசியாகக் கொட்டகையிலிருந்து தகரங்கள் வந்தன. அண்ணன் எஞ்சினுக்கு நாலடி முன்னால் பின்புறமாக நடந்தபடி, எட்டு விரல்களால் வறுத்த மணலை அள்ளி அள்ளிச் சக்கரம் ஏறுமுன் தூவினார். மறுபக்கத் தண்டவாளத்துக்கு இன்னொருவர். முன்கூட்டியே தூவினால் மழை அடித்துக்கொண்டு போய்விடும். சக்கரம் தாண்டியபின் தூவினால் பயனில்லை. கால் இடறினால் எஞ்சின் மேலேயே வந்துவிடும். அப்படியே அரை மைல் நடந்தார். கடைசிப் பெட்டியிலிருந்து எனக்கு அவர் தெரியவில்லை. எஞ்சின் ஒருமுறை மூச்சு விடுவது கேட்கும். அடுத்த மூச்சு கேட்கும்வரை நான் மூச்சு விடவில்லை.

ரயில் ஏறியது. அன்று பொழுது சாயுமுன் ஹப்புத்தளையில் உலை கொதித்தது.

விசாரணை வந்தது. தண்டவாளத்தில் எண்ணெய் பூசியது யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் சொன்னார்: "எங்க ஆளுங்கதாங்க. இந்தப் பாதைக்குக் கங்காணி நான். தப்பு எம்மேல." மூன்று மாதம் அவரைக் கங்காணி வேலையிலிருந்து இறக்கி வைத்தார்கள். பழையபடி சம்மட்டி பிடித்தார். நான் தினமும் கடைசிப் பெட்டியிலிருந்து அவரைக் கடந்து போனேன். அவர் தினமும் கையசைத்தார். நான் பேசாமல் இருந்தேன். இதுதான் நான் எழுத வந்த உண்மை. அந்தத் தேங்காய் என்னுடையது.

சென்ற ஆண்டு பதுளை ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் காய்ச்சலாகக் கிடந்தார். ஒருநாள் மத்தியானம் அண்ணி கஞ்சி வாங்கப் போனபோது, மூடிய கண்ணோடு கேட்டார்.

"தம்பி, அன்னைக்கு எத்தன தேங்கா அனுப்புன?"

"முப்பத்தொண்ணு அண்ணே."

"முப்பது காய் மட்டதான கெடந்துச்சு. இன்னொண்ணு எங்க?"

"அனுப்பறதுக்கு முன்னாடியே... பயத்துல நானே ஒடச்சுத் தின்னுட்டேன் அண்ணே."

அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். மருத்துவர் ஓடி வந்து என்னை வெளியே அனுப்பினார். அதற்கு இரண்டு நாள் கழித்து அண்ணன் போய்விட்டார்.

இறுதி ஊர்வலத்தன்றும் மழை. தோட்டத்து மயானம் மலைமேல் இருப்பது உங்களுக்குத் தெரியும். பாடையைச் சுமந்தவர்களுக்குப் பாதி வழியில் கால் வழுக்கி, பாடை சாய்ந்தது. நான் வழக்கம்போல அலறினேன். அந்த நேரம் பார்த்து முன்னால் ஒருவர் சிதறு தேங்காய் உடைக்கக் கையை ஓங்கினார். "தேங்கா வேணாம்யா! மணல் கொண்டாங்க!" என்று கத்தினேன். கொட்டகைக்கு ஆள் ஓடியது. படுக்கையில் விழுமுன் அண்ணன் வறுத்து அடைத்து வைத்த நான்கு தகரங்கள் அப்படியே இருந்தன. பாடைக்கு முன்னால் பின்புறமாக நடந்து நானே தூவினேன். தம் கடைசி ஏற்றத்தையும் அண்ணன் தம் மணலிலேயே ஏறினார்.

ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், தகரம் தூக்கி ஓடி வந்த பாதைத் தொழிலாளர்களுக்கும், அன்று தண்டவாளம் தேய்த்த தாய்மார்களுக்கும், ஒரு வருஷமாக அண்ணியையும் பிள்ளைகளையும் தாங்கி நிற்கும் லயத்து ஜனங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணியின் இரும்புச் சட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. ஐப்பசிக்குள் ஆறு தகரம் நிரப்பிவிடுவேன்.

இன்று திதிக்கு வந்து தேங்காய் உடைப்பவர்கள் தயவுசெய்து பாதையை விட்டுத் தள்ளி நின்று உடைக்கவும்.

இளையவன்