மிதந்து வந்த மூட்டை

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. அறுந்த வலையோ கயிறோ சாக்கோ கடலில் மிதந்தால் யாரும் பார்த்துவிட்டுச் சும்மா போக மாட்டார்கள். இழுத்துப் படகில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். இல்லையென்றால் பின்னால் வருகிற படகின் இன்ஜின் விசிறியில் அது சுற்றிக்கொள்ளும். யார் எடுத்துப் போட்டார் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

என் அண்ணன் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவன். அப்படித்தான் ஒரு நாள் பிளாஸ்டிக் சுற்றிய மூட்டை ஒன்றை இழுத்து வந்தான். பிரித்ததும் கஞ்சா வாடை முகத்தில் அடித்தது.

"ஏளா தங்கச்சி, கொண்டுபோயி கடல்லயே தள்ளிட்டு வாரேன்" என்றான்.

நான்தான் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் குடிமையியல் நடத்துகிற டீச்சர் அல்லவா நான்! "தப்பு செய்யாதவன் எதுக்குண்ணே பயப்படணும்? நாமளே போலீசுக்குச் சொல்லிருவோம்" என்று என் போனிலிருந்தே கூப்பிட்டேன். இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வந்தார்கள். மூட்டையையும் அண்ணனையும் சேர்த்தே ஜீப்பில் ஏற்றினார்கள். நான் கூப்பிட்டுச் சொன்னது அவர்கள் எழுதிய காகிதத்தில் எங்கும் இல்லை. ரகசியத் தகவல் வந்ததாம், இவன் தப்பி ஓடப் பார்த்தானாம். ஓடினானா? வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவன் அவன்!

பதினான்கு மாதம் உள்ளே இருந்தான். வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டுவிட்டுக் கோர்ட் வராந்தாவில் நான் நின்றேன். ஒரு நாள் அங்கே இன்னொரு கஞ்சா வழக்கு. ஊரறிந்த முதலாளி ஒருவரின் கார், பின்சீட்டில் அவர் மகன், டிக்கியில் இரண்டு மூட்டை. ஓட்டிய டிரைவர் குற்றவாளி; மகன் வெறும் சாட்சி. வக்கீல்கள் சூழப் படியிறங்கிப் போனான். பக்கத்தில் நின்ற டிரைவரின் மனைவி என்னிடம், "அவுக சொந்தக் காருலயே அவுக லிப்டு கேட்டு ஏறுனாகளாம்க்கா" என்றாள்.

எங்கள் மூட்டையை அனுப்பியவன் யார் என்று அந்தப் பதினான்கு மாதத்தில் ஒருவரும் கேட்கவில்லை. இழுத்து வந்தவன் கையில் கிடைத்துவிட்டான், அவர்களுக்கு அது போதும்.

இப்போது ஜாமீனில் இருக்கிறான். வழக்கு நடக்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரரின் படகு விசிறியில் ஏதோ சுற்றி இன்ஜின் நின்றுவிட்டது. பகல் முழுக்க வெயிலில் தவித்தவரை வேறொரு படகுதான் கட்டி இழுத்து வந்தது. விசிறியிலிருந்து அறுத்தெடுத்த சாக்கும் கயிறும் மணலில் கிடந்தன. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏளா, காலையிலயே இது மிதக்கதப் பாத்தேன்" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. "எடுக்காம சுத்திப் போயிட்டேன்."

முன்பென்றால் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது எந்த வாயால் திட்டுவது?

"யார்ட்டயும் சொல்லிராதண்ணே" என்றேன்.