பேரிக்காய்க்கு ஓர் இலை

மாதனூர், ஆகஸ்ட், வியாழன் மாலை. கொடைக்கானல் பேரிக்காய் கீழே இறங்கி வரும் மாதம். வேலூர் பஸ்ஸுக்காக நிற்கிறேன். ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண் ஒருத்தி, கழுத்து அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல், தள்ளுவண்டிப் பேரிக்காய்களைப் புரட்டுகிறாள். போனில் மகளின் பாடப்புத்தகப் படம்: மஞ்சள் நிறம், ஒடுங்கிய கழுத்து, காம்பில் இலை, கீழே ஆங்கிலத்தில் ‘பியர்’. நாளை வகுப்பில் ஆளுக்கொரு பழம் காட்ட வேண்டுமாம். மகளுக்கு ஒதுக்கியது இது. வண்டியில் இருப்பவையோ பழுப்புப் படிந்த உருண்டைகள்.

“இன்னாம்மா, பழத்துக்கும் சாம்பிள் வெச்சு செக் பண்றியா?” என்கிறார் வண்டிக்கார பாய்.

“கம்பெனில அதான் பாய் என் வேலை. சாம்பிள் மாதிரி இல்லன்னா ரிஜெக்ட்.”

கொஞ்சம் கழுத்திருக்கும் ஒன்றை எடுத்து, வீடியோ காலில் மகளுக்குக் காட்டுகிறாள்.

“அது பேரிக்காய்ம்மா,” மகளின் குரல் அழுகைக்குப் போகிறது. “மிஸ் பியர்தான் கேட்டாங்க.”

“ரெண்டும் ஒண்ணுதான்டி.”

மகள் நம்புவதாக இல்லை. பாய் பக்கத்துக் கொய்யாக் குவியலிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, பேரிக்காயின் காம்போடு சேர்த்துப் பிடிக்கிறார். மகளின் முகம் போன் திரையை நெருங்குகிறது.

“ம். இது பியர்.”

“பாஸாயிடுச்சு,” என்று சொல்லிப் பழத்தைப் பையில் போடுகிறாள் அம்மா. இலையை மட்டும் கசங்காமல் டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடுகிறாள்.