வெள்ளிக்கிழமைத் தலையிடி

பிரசாந்திக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று எங்கள் கடையில் முதலில் சொன்னவர் யார் என்று இப்போது கேட்டுப் பாருங்கள், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அன்றைக்கு மட்டும் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள்.

எங்களுடையது சாவகச்சேரியில் கண்டி வீதியைப் பார்த்த புடவைக் கடை. முதலாளி குகதாசன் அண்ணை. காசு மேசையில் நான், சேலைப் பக்கம் பிரசாந்தி. அவளுக்கு முன் அங்கே நின்றவள் வினோஜா. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கடையை விட்டு ஓடிப்போய் வீதியைக் கடக்கும்போது பஸ் அடித்துச் செத்துப்போனாள். நேர் வீதி, பட்டப்பகல். அவ்வளவு பெரிய பஸ் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா என்று ஊர் கேட்டது. வேண்டுமென்றே பாய்ந்தாள் என்றுகூடச் சிலர் கதை கட்டினார்கள். செத்தவளையும் விட்டுவைக்காத வாய்கள்.

பிரசாந்தி கெட்டிக்காரி. அவள் சேலையை விரித்துப் பிடித்தால் வாங்காமல் போக மனம் வராது. வெள்ளிக்கிழமைகளில்தான் ஏதோ ஆகும். குகதாசன் அண்ணை அன்று காலையில் கடை முழுக்கச் சாம்பிராணி காட்டுவார். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் வெளுத்துவிடும்.

“ஜெயகௌரி அக்கா, கண்ணுக்குள்ளை வெட்டி வெட்டி வெளிச்சம் ஓடுது. உங்கடை முகத்திலை பாதியைக் காணேல்லை” என்பாள். பிறகு தலையின் ஒரு பக்கத்தைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடிக் குடலைப் புரட்டிச் சத்தி எடுப்பாள். இது போதாதா எங்கள் ஆட்களுக்கு? பேய்க்குத்தானே சாம்பிராணி ஆகாது. வினோஜா நின்ற இடம், வினோஜா செத்த வெள்ளிக்கிழமை என்று துணி அளக்கிற இடத்தில் வாயெல்லாம் கதை அளந்தது.

குகதாசன் அண்ணை இரக்கமுள்ள மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று தூபக்காலை முகத்துக்கு நேரே பிடிப்பார். புகை கூடக் கூட அவளுக்குத் தலையிடியும் சத்தியும் கூடும். அது கூடக் கூட அவர் இன்னும் ஒரு பிடி சாம்பிராணி போடுவார். வெள்ளி விரதத்தை இறுக்கிப் பிடிக்கவும் சொன்னார். வெள்ளியில் மத்தியானம் வரை ஒன்றும் தின்னாதவள், அவர் சொன்ன பிறகு காலைத் தேத்தண்ணியையும் விட்டாள்.

கடைசியில் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, “வாற வெள்ளியும் பாப்பம் பிள்ளை. உது போகாட்டி நீ வேலையை விட்டு நிண்டிடு. சனம் கடைக்கு வரப் பயப்பிடுது” என்றார். அவளுடைய உழைப்பில்தான் அவள் வீட்டில் உலை வைக்கிறார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கடை பூட்டும்போது அவள் என் காதுக்குள் ஒன்று சொன்னாள்.

“அந்த வினோஜாவை நான் ஒருநாளும் கண்டதில்லை அக்கா. ஆனா அவதான் எனக்குள்ளை நிண்டு பாக்கிற மாதிரிக் கிடக்கு. கண் மறைக்கேக்கை, றோட்டுக்கு ஓடிப் போ எண்டு சொல்லுது.”

அடுத்த நாள் அவளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டொக்டராக இருந்த இளம் பெண் பேயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எந்தக் கிழமையில் வருகிறது, அன்று காலை என்ன சாப்பிடுகிறாள், கடையில் என்ன மணம் என்று கேட்டாள்.

“இது ஒற்றைத் தலையிடி. மைக்ரேன் எண்டு சொல்லுறது. சிலருக்கு வெறும் வயிறு கிளப்பிவிடும், சிலருக்குப் புகை. உங்களுக்கு வெள்ளிக்கிழமையிலை ரெண்டும் சேந்து வருது” என்றாள். “வெளிச்சம் ஓடத் தொடங்கின உடனை நான் தாற குளிசையை விழுங்கிட்டு இருட்டுக்குள்ளை படுங்கோ. அந்த நேரம் றோட்டைக் கடக்கப்படாது. ஒரு பக்கத்தாலை வாற வாகனம் உங்களுக்குத் தெரியவே தெரியாது.”

பிரசாந்தி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு வினோஜாவின் ஞாபகம் வந்தது. அவளும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு தலையிடித் தைலப் போத்திலைப் பக்கத்திலேயே வைத்திருப்பாள்.

அந்த வெள்ளி, தூபக்காலும் கையுமாக நின்ற குகதாசன் அண்ணையிடம் டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். புகை அவர் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது.

“அண்டைக்கு வினோஜாவும் சொன்னவ பிள்ளை, ‘அண்ணை, எனக்கு அந்தப் பக்கம் தெரியேல்லை’ எண்டு. நான் இதைக் கொண்டு கிட்டப் போனன். இந்தப் புகைக்குப் பயந்துதான் றோட்டுக்கு ஓடினவ.”

பின்னால் கிணற்றடிக்குப் போய்த் தணலில் தண்ணீர் ஊற்றினார். அதன் பிறகு எங்கள் கடையில் விளக்கும் பூவும் மட்டும்தான். பிரசாந்தி வெள்ளியிலும் காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். துணிக்கட்டு வைக்கும் இருட்டறையில் அவளுக்கு ஒரு பாய் கிடக்கிறது. தலையிடி இப்போதும் இடைக்கிடை வரும். அப்போது படுத்திருந்துவிட்டு வந்து சேலை விரிப்பாள்.

குகதாசன் அண்ணைதான் வெள்ளிக்கிழமைகளில் வாசலை விட்டு அசைவதில்லை. வீதியில் இறங்குகிறவர்களின் கையைப் பிடித்து நிறுத்தி, “ரெண்டு பக்கமும் தெரியுதோ?” என்று கேட்கிறார். முதலாளிக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று சந்தையில் கதைக்கிறார்கள். நான் மறுப்பதில்லை.