தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது

எனக்குச் சிவப்புப் புள்ளி என்றால் ஆகவே ஆகாது. வீட்டில் சாம்பாரில் உப்பு கூடிப்போனால்கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிடுவேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு புள்ளி சிவந்துவிட்டால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

திண்டுக்கல்லில் ஒரு பால் கம்பெனியின் தலைமை ஆபீஸ் மாடியில் அப்போது எனக்கு வேலை. இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பெனிகள் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சுற்றுவட்டாரத்தில் எங்களுக்குப் பன்னிரண்டு பால் சென்டர்கள். எந்த மாட்டுக்காரர் எத்தனை லிட்டர் ஊற்றினார், கொழுப்பு எவ்வளவு என்று அங்கே தட்டினால் இங்கே தெரியும். அதற்காக ஒவ்வொரு சென்டரிலும் ஒரு ரௌட்டர் வைத்திருந்தோம். அதை யாரும் ரௌட்டர் என்று சொன்னதில்லை, பெட்டி என்றுதான் சொல்வோம்.

அந்தப் பன்னிரண்டு பெட்டிகளையும் பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஒவ்வொரு பெட்டியையும் கூப்பிட்டு 'இருக்கியா' என்று கேட்கும். பதில் வந்தால் திரையில் அந்த ஊரின் புள்ளி பச்சை, வராவிட்டால் சிவப்பு. மாசக் கடைசியில், இந்தப் பெட்டி நூற்றுக்கு இத்தனை பங்கு நேரம் விழித்திருந்தது என்று சதவீதம் போட்டுக் கொடுத்துவிடும். ராத்திரி, பகல், பால் வரும் நேரம், வராத நேரம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். அந்தத் தாளின் ஓரத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்புவது என் வேலை. அந்தக் கட்டத்தில் எழுதும்போது எனக்கு நீதிபதி என்று நினைப்பு.

எங்கள் மேனேஜர் ஒரு சட்டம் வைத்திருந்தார். எந்த சென்டராவது தொடர்ந்து மூன்று மாதம் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே இறங்கினால் அதன் பொறுப்பாளருக்கு இடமாற்றம். அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் அறிக்கையில் சதவீதத்தையும் காரணத்தையும் தவிர வேறு எதையும் படிக்க மாட்டார்.

அந்த வருஷம் கோடை தாண்டியும் வெயில் இறங்கவில்லை. மூன்று ஊர்களில் பெட்டி சூடேறிக் கருகி, நான் ஓடி ஓடி மாற்றினேன். ஆனாலும் அந்தந்த மாதத்தோடு அவை தேறிக்கொண்டன. தேறாதது சேவுகம்பட்டி மட்டும். முதல் மாதம் 97.9. அடுத்த மாதமும் 97.9. மூன்றாவது மாதமும் அதே 97.9 என்று வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரில் அதன் மணிவாரி வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். தினமும் மதியம் ஒரு மணிக்குச் சிவப்பு, ஒன்றரைக்குப் பச்சை. ஒரு நாள் தப்பவில்லை.

அந்த சென்டரின் பொறுப்பாளர் முப்பது வயதுப் பெண். உடனே போன் போட்டேன்.

"ஏம்மா, மத்தியானத்துல கரண்ட் போகுதா?"

"இல்லைங்க சார். போனாலும் பேட்டரி தாங்குது."

"பெட்டி எதுவும் கெட்டுப்போச்சா?"

"அதெல்லாம் நல்லா இருக்கு சார்."

அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? வீட்டுக்குச் சாப்பிடப் போகிறாள், கடையைச் சாத்துகிற மாதிரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகிறாள் என்று முடிவு கட்டினேன். போனை வைத்த கையோடு காரணக் கட்டத்தில் 'பொறுப்பாளரின் அலட்சியம்' என்று எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கீரனூருக்கு ஒரு ஆளு வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. இந்தப் பிள்ளைய அங்க போடுவோம். எதுக்கும் நீ ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துரு. திங்கக்கெழமை ஆர்டர் அடிச்சிரலாம்."

கீரனூர் பழனி பக்கம். சேவுகம்பட்டிக்கும் அதற்கும் தினமும் போய்வர ஆகாது.

சனிக்கிழமை வத்தலக்குண்டு பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ் மாறி, சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினேன். மணி ஒன்றாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

கேன்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அந்தப் பெண் வீட்டுக்குப் போகவில்லை. என்னைப் பார்த்து, "வாங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நேராகப் போய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். ஒரு வெள்ளைத் துணியால் அதன்மேல் இருந்த தூசியைத் துடைத்து, மேசை ஃபேனை அதன் பக்கமாகத் திருப்பி வைத்தார். தன் பக்கம் காற்று இல்லாமல் முந்தானையால் விசிறிக்கொண்டார்.

"என்னம்மா பண்றீங்க?"

"செத்த நேரம் ஓய்வு குடுக்கிறேன் சார். நீங்கதான சொன்னீங்க."

"நானா?"

அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டி வைத்த புதிதில் பன்னிரண்டு பேரையும் ஆபீஸுக்கு வரவழைத்து நான் வகுப்பு எடுத்திருந்தேன். அன்றைக்கு நான் பேசியதெல்லாம் அதில் இருந்தது. 'பெட்டி ரொம்பச் சூடானால் சிறிது நேரம் அணைத்து வைக்கவும்' என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

"எங்க வீட்டுல கெணத்து மோட்டாரக்கூட நாலு மணி நேரம் ஓடுனா நிறுத்திருவோம் சார். ஓயாம ஓடுனா காயில் போயிரும். மத்தியானம் இந்தத் தகரத்துக்கு அடியில கை வைக்க முடியல, அம்புட்டுச் சூடு. அந்நேரம் பாலும் வராது. அதான் ஒண்ணுல இருந்து ஒண்ணரை. நான் சாப்பிடுற நேரம் அதுக்கும் ஓய்வு."

கருகிப்போன மூன்று பெட்டிகளும் என் கண்முன் வந்தன. நான் சொன்னதைப் பன்னிரண்டு பேரில் ஒருவர்தான் கேட்டிருந்தார். அவர் பெயருக்கு நேராகத்தான் அலட்சியம் என்று எழுதியிருந்தேன்.

"ஏம்மா, போன்ல கேட்டப்ப இதச் சொல்லியிருக்கலாம்ல?"

"கரண்ட் போகுதான்னு கேட்டீங்க, கெட்டுப்போச்சான்னு கேட்டீங்க. வச்சிட்டீங்க சார்."

நோட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தபடி அவரே மெதுவாகக் கேட்டார். "கீரனூருக்கு மாத்தப் போறாங்களாமே. பால் வண்டிக்காரரு சொன்னாரு. அப்படின்னா வேலைய விட்டுர்றேன் சார். பாப்பா இப்பத்தான் ஒண்ணாப்பு சேந்துருக்கா. எங்க வீட்டுக்காரவுக விடியக்காலம் பூ எடுக்கப் போயிருவாக. பிள்ளையப் பாக்க ஆள் இல்ல."

"அப்படி எதுவும் நடக்காது" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

"சாப்பிட்டுப் போங்க சார். வெஞ்சனம் பெருசா ஒண்ணுமில்ல, கத்திரிக்கா தான்" என்று டப்பா மூடியில் பாதிச் சோற்றை வைத்தார். வெட்கமாக இருந்தது. ஆனால் பசி வெட்கம் அறியாது, சாப்பிட்டேன். கத்திரிக்காய் அருமையாக இருந்தது. ஒன்றரைக்கு அவர் எழுந்து பெட்டியின் சுவிட்சைப் போட்டார்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அறிக்கையை எடுத்து, நான் எழுதிய கட்டத்தில் விரலை வைத்தார்.

"அப்ப இந்த அலட்சியம் யாருது?"

"என்னுது சார்."

"சரி. அந்தப் பிள்ள அங்கயே இருக்கட்டும். ஆனா கீரனூருக்கு ஆளு வேணுமே" என்று என்னையே பார்த்தார். ஆர்டர் அன்றைக்கே வந்தது. பெயர் மட்டும் மாறியிருந்தது.

கிளம்புமுன் ஒரு காரியம் செய்தேன். திட்டமிட்ட ஓய்வு என்று குறித்துவிட்டால் அந்த நேரத்தை மென்பொருள் கணக்கில் சேர்க்காது. சேவுகம்பட்டிக்குத் தினமும் ஒன்று முதல் ஒன்றரை வரை என்று போட்டேன். அடுத்த மாதம் அதன் சதவீதம் நூறு.

கீரனூரில் முதல் வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் மெல்லப் பிடித்துப்போனது. வாடகை அறைக்குப் பின்னால் தென்னந்தோப்பு. பால் ஊற்ற வருகிறவர்கள், "ஏனுங்க, சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேனைத் திறப்பார்கள். கொஞ்ச நாளில் என் வாயிலும் 'ங்க' ஒட்டிக்கொண்டது. சுருங்கச் சொன்னால், நிம்மதியாக இருந்தேன். அங்கேயும் தகரக் கூரைதான், அங்கேயும் மத்தியானம் பெட்டியில் கை வைக்க முடியாது. ஒரு மணி ஆனால் அணைத்துத் துடைத்துவிட்டு, டப்பாவைத் திறந்து சாப்பிட உட்காருவேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் ஆபீஸிலிருந்து போன். என் நாற்காலிக்குப் புதிதாக வந்தவர். குரலிலேயே கோபம் தெரிந்தது.

"சார், உங்க சென்டர் ரெண்டு மாசமா 97.9. மத்தியானத்துல கரண்ட் போகுதா?"

"இல்லைங்க."

"பெட்டி கெட்டுப்போச்சா?"

"நல்லா இருக்குதுங்க."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. காரணக் கட்டத்துக்கு அவர் பேனாவைத் திறந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

"போன வச்சிராதீங்க" என்றேன். "இன்னொரு கேள்வி பாக்கி இருக்குது. ஏன்னு கேளுங்க."