அவளுக்குப் பன்னிரண்டரை, எனக்கு ஒன்பது

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத்தான் எனக்கு நாள் தள்ளிப்போனது. என் கொழுந்தன் பெண்டாட்டிக்கு மூன்றே மாதத்தில். இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாலு வருஷம் காத்திருந்த சேதிக்குத் தனியாக ஒரு வாரம்கூடக் கிடைக்கவில்லை. என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அவளையும் பார்த்துவிட்டு, ஒரே காப்பியோடு எழுந்து போனார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவள் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வளர்ந்தவள், காலேஜ் படித்தவள். நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். மாமியார் அவளைச் 'சாமி' என்பார். என்னை 'ஏ புள்ள'.

இரண்டு பேரையும் நாமக்கல்லில் ஒரு லேடி டாக்டரிடம் மாமியார் கூட்டிப்போனார். விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மற்றதெல்லாம் இருவருக்கும் சரியாக இருந்தது. ஹீமோகுளோபின்தான் இடித்தது.

"முதல் மூணு மாசத்துல பதினொண்ணுக்குக் குறையாம இருக்கணும்மா," என்றார் டாக்டர். "சின்னவங்களுக்குப் பன்னெண்டரை இருக்கு. பெரியவங்களுக்கு ஒன்பதுதான். இப்படியே விட்டா, பிரசவத்துல கொஞ்சம் ரத்தம் போனாலும் இவங்க தாங்க மாட்டாங்க. ஏத்த வேண்டி வரும்."

மாமியார் கேட்டார்: "ஒம்போதுன்னா பெயிலுங்களா?"

"பாஸ், பெயில் எல்லாம் இல்லைங்கம்மா. மாத்திரை தர்றேன், ரெண்டு பேரும் சாப்பிடட்டும். முட்டை, கீரை குடுங்க."

மாமியார் காதில் பாஸும் பெயிலும் மட்டும்தான் நின்றன. பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டார்: "சின்னவ பன்னெண்டரை வாங்கீட்டா. பெரியவதான் ஒம்போது." கேட்டவர்கள் எல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன்.

எங்களுடையது கோழிப்பண்ணை வீடு. ஆனாலும் முழு முட்டை அடுப்படிக்கு வராது, லாரிக்குப் போய்விடும். ஓடு விரிசல் விட்டதையும் ஒரு ஓட்டல்காரர் வாங்கிப்போவார். தப்பியது ஒன்றோ இரண்டோதான் வீட்டுக்கு. அதை வேகவைத்து மாமியார் அவள் தட்டில் வைத்தார்.

"ஏனுங்கத்தை, டாக்டர் எனக்கும்..." என்று இழுத்தேன்.

"முட்டை வெக்கற கோழிக்குத்தான் புள்ள தீவனம் போடோணும். மெலிஞ்சதுக்குப் போட்டா, தீவனமும் போச்சு, கோழியும் போச்சு."

பண்ணையில் அது சரியான கணக்கு. மெலிந்த கோழிகளைப் பிடித்துக் கூடையில் அடைத்து விற்றுவிடுவார்கள். அதற்குப் பிறகு கூடை வருகிற நாளில் நான் கொட்டகைப் பக்கம் போகவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்மாகிட்ட நீயே கேளு," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அவளுக்குத் தந்த மாத்திரையை மாமியார் பரணில் தூக்கி வைத்துவிட்டார். "பாஸானவளுக்கு எதுக்குச் சாமி டூசன்? அதத் தின்னா கொளந்த கருப்பாப் பொறக்குமாம்."

என்னை யாரும் தடுக்கவில்லை. எந்த நிறத்தில் பிறந்தாலும் நான் உயிரோடு பார்த்தால் போதும் என்று விடாமல் விழுங்கினேன். வாயெல்லாம் இரும்பு ருசி. கொட்டகைக்குப் பின்னால் நின்ற முருங்கையில் தினமும் கீரை ஒடித்தேன்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அக்கா, பாதி எடுத்துக்குங்க," என்று தட்டை நீட்டுவாள். வேண்டாம் என்பேன். அவள் கையால் வாங்கினால் அது அவள் கொடுத்த முட்டை. எனக்கு வேண்டியது எனக்கென்று வெந்த முட்டை.

ஆறாம் மாதம் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். எனக்குப் பதினொன்று. அவளுக்குப் பத்து.

"இந்த மாசத்துல ரத்தத்துல தண்ணி கூடும். நம்பர் கொஞ்சம் இறங்குறது சகஜம்தான்," என்றார் டாக்டர். "பத்தரை வரைக்கும் பரவாயில்ல. அதுக்கும் கீழ வந்துட்டீங்களே, மாத்திரை சாப்பிட்டீங்களா?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் மின்விசிறியைப் பார்த்தார்.

"பெரியவங்க இப்படியே போங்க. இனி பயமில்ல," என்றார் டாக்டர் என்னிடம். பயம் போன இடத்தில் சந்தோஷம் வந்தது. அவளுடைய பத்துக்கும் சேர்த்துத்தான் சந்தோஷப்பட்டேன். பஸ்ஸில் வரும்போதே முடிவு கட்டிவிட்டேன்: இனி முட்டை வைக்கிற கோழி நான்தான்.

அன்று வீட்டுக்கு இரண்டு முட்டை வந்திருந்தது. வேகவைத்தார் மாமியார். இரண்டையும் அவள் தட்டில் வைத்தார். நான் நின்றதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீதான் பாஸாயிட்டியே சாமி, உனக்கென்ன! இவ ஒடம்புலதான் ரத்தமே இல்லியாமா."

நாலரை வருஷத்தில் அன்றுதான் என்னைச் சாமி என்றார். நான் கீரை ஆய உட்கார்ந்தேன்.

பிரசவம் இருவருக்கும் நல்லபடியாக நடந்தது. எனக்கு ரத்தம் ஏற்றவில்லை. இப்போது தனித்தனிக் குடும்பம். அவள் வந்தால் கோழிக் குழம்பு வைக்கிறேன், பணியாரம் ஊற்றுகிறேன். முட்டை மட்டும் வேகவைப்பதில்லை.